அத்தியாயம் 9: கண்காணிப்பே சர்வரைச் சாய்க்கும்போது

டேட்டாபேஸ் சர்வர் திணறத் தொடங்கிய பிறகுதான் அதைக் கண்காணிக்கும் எண்ணம் பலருக்கு வருகிறது. மாதக் கடைசியில் சம்பளக் கணக்கு ஓடுகிறது, அல்லது தேர்வு முடிவு வெளியான காலையில் லட்சக்கணக்கானவர்கள் ஒரே பக்கத்தைத் திறக்கிறார்கள். எந்த குவெரி இழுக்கிறது என்று பார்ப்பதற்காக ஒருவர் டிரேஸ் போடுகிறார். சில நிமிடங்களில் சர்வர் படுத்துவிடுகிறது. பிறகு குவெரியைத் தேடுகிறார்கள், டிஸ்க்கைச் சந்தேகிக்கிறார்கள், நெட்வொர்க் குழுவை எழுப்புகிறார்கள். டிரேஸ் வெறுமனே பார்த்துக்கொண்டுதானே இருந்தது என்று நினைப்பதால் அதன்மேல் யாருடைய கண்ணும் போவதில்லை.

டிரேஸ் வெறுமனே பார்ப்பதில்லை. உங்கள் வாடிக்கையாளரின் குவெரியை ஓட்டும் அதே த்ரெட்தான் கண்காணிப்பு வேலையின் முதல் பாதியையும் செய்கிறது. கண்காணிப்பும் சர்வருக்கு ஒரு சுமைதான். அதற்கும் சிபியு, மெமரி, டிஸ்க் என்று பட்ஜெட் போட வேண்டும். 'எதையும் விடாமல் பதிவு செய்' என்று சர்வரிடம் கேட்பதற்கு முன்னால், எதை இழக்க நாம் தயார் என்று தீர்மானித்துவிட வேண்டும். இந்த அத்தியாயத்தில் சொல்லும் எல்லா வழிமுறைகளுக்கும் இதுவே அடிப்படை.

மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரையும் அதன் எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ் வசதியையும் எடுத்துக்கொண்டு விளக்குகிறேன். 2008 பதிப்பில் வந்த இந்த வசதி, 2012 பதிப்பிலிருந்து பழைய எஸ்கியூஎல் டிரேஸின் இடத்தைப் பிடித்தது. பழைய புரொஃபைலரை இன்னும் பயன்படுத்துவோர் இருப்பதால் அதையும் சேர்த்தே பார்ப்போம்.

ஒரு ஈவென்ட் பதிவாகும் பாதை

ஒரு குவெரி முடிகிறது, அதற்கான ஈவென்ட் எழுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் அந்த ஈவென்டின் அடிப்படைத் தகவல்கள் திரட்டப்படும். அடுத்து நீங்கள் வைத்த ஃபில்டர் இடமிருந்து வலமாகச் சரிபார்க்கப்படும். ஃபில்டரைத் தாண்டிவிட்டால், குவெரியின் வாசகம், யூசர் பெயர், கால் ஸ்டேக் என்று நீங்கள் கூடுதலாகக் கேட்ட ஆக்‌ஷன்கள் நடக்கும். கடைசியில் எல்லாமே மெமரி பஃபரில் நகலெடுக்கப்படும். இந்த நான்கு படிகளும் குவெரியின் த்ரெட்டிலேயே நடக்கின்றன. இவை முடிந்த பிறகே அந்த த்ரெட் தன் அடுத்த வேலைக்குப் போகிறது.

பஃபர் நிரம்பியதும், அல்லது குறிப்பிட்ட நேரம் கடந்ததும், டிஸ்பேச்சர் என்ற தனி த்ரெட் அதை எடுத்து ஃபைலுக்கோ ரிங் பஃபருக்கோ அனுப்புகிறது. இந்த இரண்டாம் பாதி பின்னணியில் நடப்பதால், சாதாரண நாட்களில் கண்காணிப்பின் சுமை கண்ணுக்கே தெரியாது.

டிஸ்பேச்சர் காலி செய்யும் வேகத்தைவிட ஈவென்ட்கள் வந்து குவியும் வேகம் அதிகமானால்தான் சிக்கல். எல்லா பஃபரும் நிரம்பிய நேரத்தில் புதிய ஈவென்ட் வந்தால் என்ன செய்வது என்பதை, கண்காணிப்புக்காக நீங்கள் உருவாக்கும் ஈவென்ட் செஷனின் ரிடென்ஷன் மோட் முடிவு செய்கிறது. டீஃபால்ட் அமைப்பு ஒரு ஈவென்டை மட்டும் கைவிட்டு மேலே போகும். இரண்டாவது அமைப்பு ஒரு பஃபர் முழுவதையும் கைவிடும். மூன்றாவதான 'நோ ஈவென்ட் லாஸ்' எதையும் கைவிடாது. பஃபரில் இடம் கிடைக்கும்வரை குவெரியின் த்ரெட் காத்து நிற்கும்.

16 கோர் உள்ள 64-பிட் சர்வரில் டீஃபால்ட்டாகக் கிடைக்கும் ஒர்க்கர் த்ரெட்கள் 704. ஈவென்ட் எழுதும் டிஸ்க் சில நொடிகள் தடுமாறினால், நோ ஈவென்ட் லாஸ் செஷனில் இந்த த்ரெட்கள் ஒவ்வொன்றாகப் பஃபருக்காக வரிசையில் நிற்கத் தொடங்கும். கடைசி த்ரெட்டும் வரிசைக்குப் போய்விட்டால் புதிதாக லாகின் செய்பவரைக் கவனிக்க ஆள் இருக்காது. பயனாளிக்கு சர்வர் செத்துவிட்டதாகவே தெரியும்.

எப்படிச் சாய்ந்தது என்று முதலில் பிரித்தறியுங்கள்

'கிராஷ்' என்று போனில் சொல்லப்படுவது நான்கு வேறு வேறு சம்பவங்களில் ஒன்றாக இருக்கும். நான்குக்கும் மருந்து வேறு.

ஒன்று, தொங்கல். ப்ராசஸ் உயிரோடு இருக்கும், பதில் வராது. எரர் லாகில் 17883 இருந்தால் ஒரு த்ரெட் ஷெட்யூலரை விடாமல் பிடித்திருக்கிறது. 17884 இருந்தால் புதிய வேலைகளை எடுக்க த்ரெட் இல்லை. கண்காணிப்பால் வரும் தொங்கலில் இரண்டாவது எண்ணை எதிர்பார்க்கலாம்.

இரண்டு, ஃபெயில்ஓவர். ஆல்வேஸ் ஆன் அமைப்பில் சர்வர் தன் லீஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான டீஃபால்ட் கெடு 20 நொடி. மெஷினே திணறி அந்தக் கெடு தவறினால் லாகில் 19407 பதிவாகும், டேட்டாபேஸ் அடுத்த நோடுக்குத் தாவும். இதில் எஸ்கியூஎல் சர்வர் விழவே இல்லை. பதில் தராததால் கிளஸ்டர் அதை ஒதுக்கிவிட்டது.

மூன்று, நிஜமான விபத்து. ஆக்ஸஸ் வயலேஷன் வந்து ப்ராசஸ் முடிந்துபோகலாம். மெமரி தீர்ந்து 701 பிழை வரிசையாக விழலாம். லாக் ஃபோல்டரில் எஸ்கியூஎல்டம்ப் என்று தொடங்கும் ஃபைல்கள் உருவாகியிருக்கின்றனவா என்று பாருங்கள்.

நான்கு, உத்தரவுப்படி நின்றது. எஸ்கியூஎல் சர்வர் ஆடிட் வசதியும் எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸ் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஆடிட்டை எழுத முடியாவிட்டால் ஷட்டவுன் செய் என்று அமைத்திருந்தால், ஆடிட் டிஸ்க் நிரம்பியதும் சர்வர் தானே நின்றுவிடும். ஆடிட் காரணமாக நிறுத்தப்பட்டதாக எரர் லாகே தெளிவாகச் சொல்லும். இந்த நிலையில் சர்வரை '-எம்' ஃபிளாக் கொடுத்து சிங்கிள் யூசர் மோடில் தொடங்குங்கள். அப்போது ஷட்டவுன் அமைப்பு அந்த ஓட்டத்துக்கு மட்டும் 'தொடர்ந்து இயங்கு' என்று மாறிக்கொள்ளும். டிஸ்க்கில் இடம் ஒதுக்கிவிட்டு வழக்கமான முறையில் திரும்பத் தொடங்கலாம்.

முதலுதவி: வரிசை மாறக் கூடாது

சர்வர் தொங்கிக்கொண்டிருக்கும்போது கை தானாகவே ரீஸ்டார்ட்டைத் தேடும். கீழே உள்ள வரிசையைப் பின்பற்றினால் சர்வரும் மீளும், சாட்சியமும் மிஞ்சும்.

1. டிஏசி எனப்படும் டெடிகேட்டட் அட்மினிஸ்ட்ரேட்டர் கனெக்‌ஷன் வழியாக நுழையுங்கள். மற்ற த்ரெட்கள் எல்லாம் சிக்கியிருந்தாலும் இதற்கென்று தனி ஷெட்யூலரும் கொஞ்சம் மெமரியும் ஒதுக்கப்பட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் அனுமதி. டீஃபால்ட்டாக சர்வர் மெஷினிலிருந்து மட்டுமே இணைய முடியும் என்பதால், ரிமோட் அட்மின் கனெக்‌ஷன் அமைப்பை நல்ல நாளிலேயே ஆன் செய்து வையுங்கள்.

2. எதையும் நிறுத்தும் முன் நகல் எடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் ஈவென்ட் செஷன்களைக் காட்டும் டிஎம்வியின் (டைனமிக் மேனேஜ்மென்ட் வியூ) முழு வரிசையையும், வெயிட் புள்ளிவிவரங்களையும் ஒரு ஃபைலில் சேமியுங்கள். செஷனை நிறுத்திய அடுத்த கணமே அதன் வரிசை அந்த டிஎம்வியிலிருந்து மறைந்துவிடும். எத்தனை ஈவென்ட் கைவிடப்பட்டது, எவ்வளவு நேரம் த்ரெட்கள் தடுக்கப்பட்டன என்ற எண்கள் அதோடு போய்விடும். இதைப் பலர் நிறுத்திய பிறகே உணர்கிறார்கள்.

3. சந்தேகத்துக்குரிய செஷனை நிறுத்துங்கள். ஆல்டர் ஈவென்ட் செஷன் கட்டளையில் ஸ்டேட்டை ஸ்டாப் என்று கொடுத்தால் போதும். டிஸ்க் நிரம்பியதால் தொங்குகிறது என்றால் முதலில் டிஸ்க்கில் இடம் விடுவியுங்கள். 'சிஸ்டம் ஹெல்த்' செஷனைத் தொட வேண்டாம். அது சர்வரோடு வருவது, எடை குறைவானது. உங்களுக்கு வேண்டிய சாட்சியம் அதில்தான் இருக்கிறது.

4. யாராவது புரொஃபைலரையோ, மேனேஜ்மென்ட் ஸ்டுடியோவின் லைவ் டேட்டா ஜன்னலையோ திறந்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மூடச் சொல்லுங்கள்.

5. டிஏசியும் கிடைக்காமல் ரீஸ்டார்ட் தவிர வழியே இல்லை என்றால், முதலில் எஸ்கியூஎல்டம்பர் கருவியால் ஒரு மினி டம்ப் எடுங்கள். ஃபுல் டம்ப் வேண்டாம். பெரிய மெமரி உள்ள சர்வரில் அது முடியும்வரை ப்ராசஸ் உறைந்து நிற்கும்.

6. சர்வர் எழுந்தவுடன் லாக் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகலெடுங்கள். எரர் லாகின் பழைய பிரதிகள் டீஃபால்ட்டாக 6 மட்டுமே வைக்கப்படும், ஒவ்வொரு ரீஸ்டார்ட்டும் ஒன்றைத் தள்ளும். பதற்றத்தில் நாலைந்து தடவை ரீஸ்டார்ட் செய்தால், முதல் விபத்தின் பதிவு அழிவின் விளிம்புக்கு வந்துவிடும்.

கண்காணிப்புதான் காரணமா?

செஷனை நிறுத்தியதும் சர்வர் மூச்சு விட்டால் அது வலுவான தடயம். ஆனால் அதே நிமிடத்தில் பயனாளிகள் கூட்டமும் குறைந்திருக்கலாம். அதனால் எண்களோடு ஒத்துப்பாருங்கள்.

செஷன் டிஎம்வியில் மூன்று நெடுவரிசைகள் முக்கியம். 'டிராப்ட் ஈவென்ட் கவுண்ட்' கைவிடப்பட்ட ஈவென்ட்களைச் சொல்கிறது. 'டிராப்ட் பஃபர் கவுண்ட்' முழு பஃபராகப் போனவற்றைச் சொல்கிறது. 'பிளாக்ட் ஈவென்ட் ஃபயர் டைம்' பஃபருக்காக த்ரெட்கள் தடுக்கப்பட்ட நேரம். இந்த மூன்றாவது எண் ஏறிக்கொண்டே இருந்தால், உங்கள் கண்காணிப்பு பயனாளிகளை நிறுத்தி வைத்திருக்கிறது.

வெயிட் புள்ளிவிவரங்கள் சர்வர் தொடங்கியதிலிருந்து கூட்டிக்கொண்டே வருபவை. 10 நொடி இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து வித்தியாசத்தைப் பாருங்கள். எக்ஸ்இ_பஃபர்எம்ஜிஆர்_ஃப்ரீபஃப்_ஈவென்ட் என்ற வெயிட் ஏறினால், நோ ஈவென்ட் லாஸ் செஷன் ஒன்றில் பஃபர்கள் நிரம்பி வழிகின்றன, அல்லது ஆடிட் டிஸ்க் மெதுவாக எழுதுகிறது. டிரேஸ்ரைட் வெயிட் ஏறினால் யாரோ புரொஃபைலரைத் திறந்திருக்கிறார்கள். த்ரெட்பூல் வெயிட்டும் கூடவே ஏறினால் த்ரெட் பஞ்சம் தொடங்கிவிட்டது. எக்ஸ்இ_டிஸ்பேச்சர்_வெயிட், எக்ஸ்இ_டைமர்_ஈவென்ட் ஆகிய இரண்டையும் கண்டு பயப்பட வேண்டாம். பின்னணி த்ரெட்கள் வேலையில்லாமல் இருக்கும்போது வருபவை அவை.

டம்ப் ஃபைல் கிடைத்திருந்தால் விண்டிபிஜியில் திறந்து, சிக்கிய த்ரெட்டின் ஸ்டேக்கைப் பாருங்கள். எக்ஸ்இ என்ற எழுத்துகளோடு தொடங்கும் பங்ஷன்கள் உச்சியில் இருந்தால் ஈவென்ட் எஞ்சின் சம்பந்தப்பட்டிருக்கிறது. ஆக்ஸஸ் வயலேஷனோடு அந்த ஸ்டேக் வந்திருந்தால் அது உங்கள் அமைப்பின் கோளாறாக இல்லாமல் எஞ்சினின் பிழையாக இருக்க வாய்ப்பு அதிகம். அப்போது உங்கள் பதிப்புக்கான குமுலேட்டிவ் அப்டேட்களின் திருத்தப் பட்டியலில் அந்த ஈவென்டின் பெயரைத் தேடுங்கள்.

அடிக்கடி மாட்டும் ஆறு காரணங்கள்

*எக்ஸிக்யூஷன் பிளான் ஈவென்ட்.* 'குவெரி போஸ்ட் எக்ஸிக்யூஷன் ஷோபிளான்' என்ற ஈவென்ட் ஒவ்வொரு குவெரிக்கும் நிஜமான பிளானைத் தருகிறது. அதன் விலை மிகப் பெரியது. மைக்ரோசாஃப்ட் ஆவணமே எச்சரிக்கிறது. ஒரே ஒரு டேட்டாபேஸுக்கு ஃபில்டர் போட்டுவிட்டேன், ஆபத்தில்லை என்று நினைக்காதீர்கள். இந்த ஈவென்டைச் சேர்த்தாலே சர்வரில் ஓடும் எல்லா குவெரிக்கும் விரிவான அளவீடு தொடங்கிவிடும். ஃபில்டர் அதற்குப் பிறகுதான் வேலை செய்கிறது. 2019 பதிப்பிலிருந்து எடை குறைந்த அளவீடு டீஃபால்ட்டாகவே இருக்கிறது. அதைச் சார்ந்த 'பிளான் புரொஃபைல்' ஈவென்டைப் பயன்படுத்துங்கள்.

*ஸ்டேட்மென்ட் ஈவென்ட்கள்.* 'எஸ்பி ஸ்டேட்மென்ட் கம்ப்ளீட்டட்' ஸ்டோர்ட் ப்ரொசீஜருக்கு உள்ளே நடக்கும் ஒவ்வொரு வரிக்கும் எழும். இன்லைன் ஆகாத ஸ்கேலார் பங்ஷன் ஒன்றில் 3 ஸ்டேட்மென்ட் இருக்கிறது, அதை 2 லட்சம் வரிசைகள் கொண்ட குவெரி வரிசைக்கு ஒரு முறை அழைக்கிறது என்றால், ஒரே குவெரியிலிருந்து 6 லட்சம் ஈவென்ட் வரும். லாக் எடுப்பது, விடுவது, வெயிட் தகவல் ஆகிய ஈவென்ட்களும் இதே ரகம்.

*டியூரேஷன் அலகு.* பேட்ச், ஆர்பிசி ஈவென்ட்களில் டியூரேஷன் மைக்ரோ நொடியில் இருக்கிறது. 5 நொடிக்கு மேல் ஓடுபவை வேண்டும் என்றால் 50,00,000 என்று கொடுக்க வேண்டும். மில்லி நொடி என்று எண்ணி 5,000 என்று கொடுத்தால், 5 மில்லி நொடிக்கு மேல் ஓடும் ஒவ்வொரு குவெரியும் உள்ளே வந்துவிடும். மூன்று பூஜ்ஜியம் குறைந்ததால் சர்வர் படுத்த கதை இப்படித்தான் உருவாகிறது. வெயிட் தகவல் ஈவென்டிலோ டியூரேஷன் மில்லி நொடியில் இருக்கிறது. குழப்பத்துக்கு அதுவும் ஒரு காரணம்.

*தேவையற்ற ஆக்‌ஷன்கள்.* ஆர்பிசி ஈவென்டிலும் பேட்ச் ஈவென்டிலும் குவெரியின் வாசகம் ஏற்கெனவே இருக்கிறது. அதன்மேல் எஸ்கியூஎல் டெக்ஸ்ட் ஆக்‌ஷனையும் சேர்த்தால் ஒரே வாசகம் இரண்டு முறை நகலாகும். கால் ஸ்டேக் எடுக்கும் ஆக்‌ஷனும், டம்ப் உருவாக்கும் ஆக்‌ஷனும் புரொடக்‌ஷன் சர்வருக்கானவை அல்ல.

*தொலைவிலிருந்து பார்ப்பது.* புரொஃபைலர் ஒவ்வொரு ஈவென்டையும் நெட்வொர்க் வழியாகத் தன் ஜன்னலுக்கு இழுக்கிறது. அது ஈடுகொடுக்க முடியாமல் பஃபர் நிரம்பினால், எஞ்சின் ஈவென்ட்களைக் கைவிடத் தொடங்கும் முன் 20 நொடி வரை காத்திருக்கும். அந்த நேரம் உங்கள் பயனாளியின் நேரம். எக்ஸ்டெண்டட் ஈவென்ட்ஸின் லைவ் ஜன்னல் இந்த விஷயத்தில் நாகரிகமானது. பார்வையாளர் பின்தங்கினால் 25726 என்ற பிழையோடு இணைப்பைத் துண்டித்துவிட்டு சர்வர் தன் வேலையைத் தொடர்கிறது. அந்தப் பிழை வந்தால், திரும்பத் திரும்ப இணைக்காமல் ஃபில்டரை இறுக்குங்கள்.

*அதே சர்வரில் படிப்பது.* பதிவான எக்ஸ்இஎல் ஃபைலையும் ரிங் பஃபரையும் எக்ஸ்எம்எல்லாகப் பிரித்துப் படிக்கும் குவெரி சிபியுவைத் தின்னும். சில கண்காணிப்பு மென்பொருள்கள் சில நொடிகளுக்கு ஒரு முறை இதைச் செய்கின்றன. ஃபைலை வேறு மெஷினுக்கு நகலெடுத்து அங்கே படியுங்கள்.

காகிதத்தில் ஒரு கணக்கு

செஷன் போடும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஒரு ஈவென்ட் சராசரியாக 1 கேபி, நொடிக்கு 20,000 ஈவென்ட் என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 20 எம்பி. செஷனின் டீஃபால்ட் மெமரி 4 எம்பி. அது நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தில் நிரம்பிவிடும். ஈவென்ட் ஃபைலின் டீஃபால்ட் அளவு 1 ஜிபி, வைத்திருக்கும் ஃபைல்கள் 5. ஆக 5 ஜிபி சுமார் நான்கு நிமிடத்தில் ஒரு சுற்று முடிந்து, பழையது அழியத் தொடங்கும். நீங்கள் தேடும் சம்பவம் பத்து நிமிடம் முன்னால் நடந்திருந்தால் அது ஃபைலில் இருக்காது. சர்வருக்குச் சுமை ஏற்றியும் பதில் கிடைக்காத நிலை இது.

இப்போது அதே சர்வரில் 5 நொடிக்கு மேல் ஓடிய குவெரிகள் மட்டும் என்று சரியான அலகில் ஃபில்டர் போடுங்கள். நொடிக்கு இரண்டு குவெரி தேறினாலும் 2 கேபிதான். 5 ஜிபியில் வாரக்கணக்கில் பதிவு நிற்கும். சர்வர் அதை உணரவே உணராது. நல்ல ஃபில்டர் கிடைத்துவிட்டால், மற்ற அமைப்புகளைத் திருகிக்கொண்டிருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் வருவதில்லை.

செஷனைத் திருத்தி அமைத்தல்

ஃபில்டரில் எண் ஒப்பீடுகளை முதலில் வையுங்கள், லைக் போன்ற எழுத்து ஒப்பீட்டைக் கடைசியில் வையுங்கள். முதல் நிபந்தனையே தோற்றால் அடுத்தது சரிபார்க்கப்படாது.

எல்லா குவெரியும் தேவை என்றால் மாதிரி எடுங்கள். செஷன் ஐடி 5-ஆல் வகுபடும் இணைப்புகளை மட்டும் பிடித்தால் சுமை ஏறக்குறைய ஐந்தில் ஒன்றாகும். எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் ஹிஸ்டோகிராம் டார்கெட் அதை மெமரியிலேயே கூட்டி வைக்கும். டிஸ்க்குக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

ரிடென்ஷன் மோடை டீஃபால்ட்டிலேயே விடுங்கள். குவெரி ஆய்வுக்கு நோ ஈவென்ட் லாஸ் ஒருபோதும் தேவைப்படாது. பத்தாயிரத்தில் நூறு ஈவென்ட் போனாலும் மெதுவான குவெரி எது என்பது தெரிந்துவிடும். சட்டப்படி எதையும் இழக்கக் கூடாத ஆடிட் என்றால் அதற்கென்று தனி டிஸ்க் கொடுங்கள். க்யூ டிலேயை பூஜ்ஜியமாக வைத்தால் ஒவ்வொரு பதிவும் எழுதி முடியும்வரை பயனாளி காத்திருப்பார். டீஃபால்ட்டான 1,000 மில்லி நொடி பெரும்பாலும் போதும். எழுத முடியாதபோது சர்வர் நிற்க வேண்டுமா, அந்தச் செயல் மட்டும் தோற்க வேண்டுமா, தொடர வேண்டுமா என்பதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்த முடிவை டிபிஏ தனியாக எடுக்கக் கூடாது.

கோர்கள் அதிகமுள்ள சர்வரில் பஃபருக்கான போட்டியைக் குறைக்க மெமரி பார்ட்டிஷனை சிபியு வாரியாக மாற்றலாம். ஆனால் மெமரியையும் கூடவே ஏற்ற வேண்டும். 16 கோரில் 40 பஃபர் உருவாகும். 4 எம்பியை 40-ஆகப் பங்கிட்டால் ஒன்றுக்கு சுமார் 100 கேபிதான். அதைவிடப் பெரிய பிளான் ஈவென்ட் அந்த பஃபரில் நுழையவே முடியாமல் கைவிடப்படும்.

ஆய்வுக்கான செஷனில் ஸ்டார்ட்அப் ஸ்டேட்டை எப்போதும் ஆஃப் செய்து வையுங்கள். இல்லாவிட்டால், சர்வரைச் சாய்த்த அதே செஷன் ரீஸ்டார்ட்டோடு சேர்ந்து எழுந்துகொள்ளும்.

கடைசியாக, புதிய செஷன் தேவைதானா என்று கேளுங்கள். டெட்லாக் விவரம் சிஸ்டம் ஹெல்த்தில் ஏற்கெனவே இருக்கிறது. எந்த குவெரி மெதுவானது என்ற கேள்விக்கு 2016 பதிப்பில் வந்த குவெரி ஸ்டோர் பதில் சொல்லும். அது ஒவ்வொரு ஓட்டத்தையும் தனியாக எழுதாமல் தொகுத்து வைப்பதால் சுமை நேரத்துக்கு ஏற்றது.

செஷனை ஆன் செய்யும் முன் நிரப்ப வேண்டிய தாள்

- எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறோம்? ஒரே வரியில்.
- நொடிக்கு எத்தனை ஈவென்ட் எதிர்பார்க்கிறோம்? டெஸ்ட் சர்வரில் அளந்தோமா?
- டியூரேஷன் ஃபில்டரின் அலகைச் சரிபார்த்தோமா?
- ஈவென்ட் ஃபைல் எந்த டிஸ்க்கில்? டேட்டா, லாக், சி டிரைவ் ஆகியவற்றிலிருந்து விலகி இருக்கிறதா?
- எப்போது நிற்கும்? ஏஜென்ட் ஜாப் நிறுத்துமா, ஆள் நிறுத்துவாரா? யார் அவர்?
- டிஏசி இணைப்பை இன்று சோதித்தோமா?
- சர்வர் திணறினால் எந்த எண்ணைக் கண்டதும் செஷனை நிறுத்துவோம்?

இந்தத் தாளை நிரப்ப அரை மணி நேரம் ஆகும். சர்வர் ஏற்கெனவே பற்றி எரியும்போது அந்த அரை மணி நேரம் யாருக்கும் கிடைக்காது. அதனால் அமைதியான ஒரு நாளில் இரண்டு மூன்று செஷன்களை இப்படி அளந்து, நிறுத்தும் கட்டளையோடு சேர்த்து ஸ்கிரிப்டாக எழுதி, குழுவில் எல்லோருக்கும் தெரிந்த ஃபோல்டரில் வையுங்கள். நெருக்கடி நேரத்தில் அளந்து பார்த்த செஷனை மட்டுமே ஆன் செய்வது என்பதைக் குழுவின் விதியாக்குங்கள்.